கம்பர்லாந்து தீவு, ஜார்ஜியா: கேமராவோடு போகிறவர்கள் படகு நேரத்தை முதலில் பாருங்கள்

செயின்ட் மேரிஸ் ஊரிலிருந்து காலை 9 மணிக்குக் கிளம்பும் படகு கம்பர்லாந்து தீவைத் தொடும்போது மணி 9:45. திரும்பும் கடைசிப் படகு மாலை 4:45-க்கு. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பது 6:25 வாக்கில், மறைவது 8:30 வாக்கில். படம் எடுப்பவர்கள் எந்த வெளிச்சத்துக்காக அவ்வளவு தூரம் போகிறார்களோ, அந்தக் காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் படகு நேரத்துக்கு வெளியே போய்விடுகின்றன. கையில் மிஞ்சுவது நட்ட நடு வெயிலில் ஏழு மணி நேரம். ஜூன் கடைசியில் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட 82 பாகை உயரத்தில் நிற்கும். குதிரையின் நிழல் அதன் வயிற்றுக்கு அடியிலேயே விழும், மணல் வெளிறிப்போகும்.

அதனால் இந்தத் தீவுக்கு எங்கள் மதிப்பெண் ஒன்று அல்ல, மூன்று. கோடையில் ஒரு நாள் போய்வருவது, படம் எடுப்பவருக்குச் சுமார். டிசம்பர், ஜனவரியில் ஒரு நாள் போய்வருவது மிக நன்று. ஸீ கேம்ப் முகாமில் இரண்டு இரவு தங்குவது அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அனுபவங்களில் ஒன்று. கீழே வருவதெல்லாம் இந்த மூன்றுக்குமான காரணங்களும் வழிமுறைகளும்.

தீவைப் பற்றி முதலில் கொஞ்சம். ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் நிலத்துக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் நடுவே வரிசையாகக் கிடக்கும் தடுப்புத் தீவுகளில் தெற்குக் கோடியில் இருப்பது இது. அளவிலும் இதுதான் பெரியது. நீளம் சுமார் 17 மைல். 1972-இல் தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. 1982-இல் வட பகுதியின் பெரும்பரப்பு வனக் காப்புப் பகுதியானது. பாலம் இல்லை. கடை, உணவகம் எதுவும் இல்லை. வருகையாளர்களின் காருக்கும் இடமில்லை. நாளொன்றுக்குச் சுமார் 300 பேர் என்ற வரம்பில்தான் இத்தனை ஆண்டுகள் நடந்து வந்திருக்கிறது. அதை உயர்த்தும் திட்ட வரைவு 2022-இல் வெளியானபோது கடும் எதிர்ப்பு எழுந்தது, எழுந்தது சரிதான். 17 மைல் கடற்கரையில் முந்நூறு பேர் என்றால், இறங்குதுறையிலிருந்து இருபது நிமிடம் நடந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் தென்படாது. படத்துக்குள் புகுந்துவிட்ட முன்பின் அறியாத மனிதர்களை அழிக்கும் வேலை வீட்டுக்கு வந்த பிறகு இருக்காது.

பல தடுப்புத் தீவுகள் வெறும் மணல் திட்டுகள். ஒரு பெரும்புயலில் இடம் மாறிவிடும். கம்பர்லாந்தின் நடுப்பகுதி அப்படியல்ல. கடல் மட்டம் வேறாக இருந்த பழைய யுகத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் குவிந்த மணல் அது. அதன் கிழக்கு ஓரத்தில் இன்றைய அலைகள் சேர்த்த புது மணல் ஒட்டியிருக்கிறது. நடுவிலுள்ள பழைய மேடு நிலைத்து நிற்பதால்தான் அங்கே லைவ் ஓக் என்ற பசுமை மாறாத மரங்களின் பெரிய காடு வளர முடிந்தது. கடலிலிருந்து அரை மைல் தூரத்துக்குள் அலை, வெண்மணல் மேடு, உப்புக் காற்று சீவிவிட்ட புதர், இருண்ட காடு, உப்புச் சதுப்பு நிலம் என்று ஐந்து நிலங்களைக் கடந்துவிடலாம். கேமராவுக்கு இந்த அரை மைல்தான் மொத்தத் தீவும்.

செயின்ட் மேரிஸுக்குப் போவது எளிது. ஐ-95 நெடுஞ்சாலையில் ஜார்ஜியாவின் 3-ஆம் எண் வெளிவழியில் இறங்கி 40-ஆம் எண் மாநிலச் சாலையில் கிழக்கே போனால் நீர்முனை வந்துவிடும். ஜாக்சன்வில் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அட்லாண்டாவிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது; அங்கிருந்து வருகிறவர்கள் முந்தைய இரவே செயின்ட் மேரிஸிலோ கிங்ஸ்லேண்டிலோ தங்குவது நல்லது. விடிகாலை கிளம்பி 9 மணிப் படகைப் பிடிக்கும் திட்டம் ஒரு சாலை நெரிசலில் உடைந்துவிடும். அடுத்த படகு 11:45-க்கு. அதில் ஏறினால் தீவில் கிடைப்பது நான்கு மணி நேரம்தான்.

படகுச் சேவை ஒழுங்கானது, நேரம் தவறாதது. முன்பதிவு இல்லாமல் போகவே வேண்டாம். வசந்த காலத்து வார இறுதிகள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். படகுக் கட்டணம் தனி, பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. அரை மணி நேரம் முன்னதாகப் பதிவு மேசைக்குப் போய்விட வேண்டும். செல்லப் பிராணிகளை ஏற்றுவதில்லை. குளிர்காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வாரத்தில் சில நாள் படகு ஓடாது; செவ்வாய், புதன் என்றிருப்பது வழக்கம். கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் விடுதி பதிவு செய்வதற்கு முன் படகு நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசிப் படகு யாருக்காகவும் நிற்காது. தவறவிட்டால் தனியார் படகைச் சொந்தச் செலவில் வரவழைக்க வேண்டியதுதான், அது சின்னச் செலவல்ல. மாலை 4:15-க்குள் இறங்குதுறையில் இருப்பது என்று மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

படகில் மேல்தளம் கிடைத்தால் உட்காருங்கள். போகும் வழி நெடுக உப்புச் சதுப்பு நிலம். எதிர்க்கரையில் கிங்ஸ் பே கடற்படை நீர்மூழ்கித் தளம் இருக்கிறது. அரிதாக ட்ரைடென்ட் ஏவுகணை சுமக்கும் ஒரு நீர்மூழ்கி வாய்க்காலில் போவதைப் பார்க்கலாம். ஓடும் படகின் அதிர்வுக்கு 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக ஷட்டர் வையுங்கள். கையைக் கைப்பிடிக் கம்பியில் ஊன்றாதீர்கள், எஞ்சின் அதிர்வு முழுவதும் கேமராவுக்கு வந்துவிடும்.

படகு இரண்டு இடங்களில் நிற்கும். முதலில் டன்ஜனெஸ் துறை, அடுத்து ஸீ கேம்ப் துறை. ஒரு நாள் பயணிக்கு எங்கள் பரிந்துரை: டன்ஜனெஸில் இறங்கி ஸீ கேம்பில் ஏறுவது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவாக நடந்தால் நான்கு மைலுக்குச் சற்று மேலே வரும். இடிபாடு, சதுப்புப் பலகைப்பாதை, மணல்மேடு, கடற்கரை, ஓக் காடு எல்லாம் அந்த வரிசையில் வந்துவிடும். வழக்கமான வேகத்தில் இரண்டு மணி நேர நடை. படம் எடுப்பவருக்கு ஆறு மணி நேரம் சரியாக இருக்கும். திரும்பும்போது படகு எந்தத் துறையில் எத்தனை மணிக்கு ஏற்றிக்கொள்ளும் என்பதைப் போகும்போதே படகு ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நடைக்கு நாள் பார்ப்பதில் ஒரு சூத்திரம் உண்டு. ஜார்ஜியாக் கரையில் கடல் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் அளவுக்கு நீர் வித்தியாசம் இருக்கும்; அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் இது மிக அதிகம். வற்றத்தில் கடற்கரை அகலமாகி, மணல் இறுகி, நடப்பது சுலபமாகிவிடும். ஈர மணலில் வானம் தெரியும். ஏற்றத்தில் மிஞ்சுவது கால் புதையும் உலர் மணல்தான். ஒன்றரை மைல் நடக்க ஒரு மணி நேரம் போய்விடும். இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பகல் வற்றம் பிற்பகல் 2 மணி வாக்கில் வருகிறது. காலையில் இடிபாடும் சதுப்பும், மதியத்துக்கு மேல் கடற்கரை என்ற வரிசைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். நாட்காட்டியில் அமாவாசை பார்த்துத் தேதி குறித்து, பின்பு ஃபெர்னாண்டினா பீச் ஓத அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதி டிசம்பர் பின்பாதியிலோ ஜனவரி தொடக்கத்திலோ இருந்தால் இன்னும் நல்லது. அப்போது நண்பகலில்கூட சூரியன் 37 பாகைக்கு மேல் ஏறாது. சூரியன் மறைவது 5:30 வாக்கில். அதாவது, படகுக்குப் போகும் கடைசி ஒரு மணி நேரம் முழுவதும் வெயில் 20 பாகைக்குக் கீழே சாய்ந்து, காட்டுக்குள் பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருக்கும். கொசுவும் குறைவு. இலையுதிர், குளிர்காலங்களில் சில நாட்கள் மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு அனுமதி தருவார்கள், அப்போது வட பகுதியை மூடிவிடுவார்கள். அந்தத் தேதிகளையும் பார்த்துவிடுங்கள்.

டன்ஜனெஸ் இடிபாடு துறையிலிருந்து பத்து நிமிட நடை. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் தம்பி தாமஸும் அவர் மனைவி லூசியும் 1880-களில் கட்டிய மாளிகை. 1959-இல் தீயில் எரிந்தது. இப்போது நிற்பவை சுவர்களும் புகைபோக்கிகளும்தான். வேலிக்குள் போக முடியாது. கல் இடுக்குகளில் பாம்பு உண்டு என்பதால் போகவும் கூடாது. எல்லாரும் வேலியோரம் நின்று அகலக் கோண லென்ஸில் அண்ணாந்து எடுப்பார்கள். புகைபோக்கிகள் எல்லாம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். புல்வெளியில் பின்வாங்கி, கேமராவை மட்டமாக வைத்து 35 அல்லது 50 மி.மீ.-இல் செங்குத்தாக எடுத்துக் கீழ்ப்பாதியை வெட்டிக்கொள்வது மேல். பின்வாங்கும்போது முன்புலத்தில் மேயும் குதிரைகள் தானாகக் கிடைக்கும்.

மாளிகையை விடப் படமாக நல்லது பக்கத்திலுள்ள டாபி வீடு. 1800 வாக்கில் கட்டியது, தீவில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடம். டாபி என்பது சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்போடு மணல், நீர், உடைத்த சிப்பி ஓடு சேர்த்துக் குழைத்து அச்சில் வார்த்த சுவர். நம்மூரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. இந்தக் கரை முழுவதும் டாபி கட்டடங்களை எழுப்பியது அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு. சுவரில் பதிந்த சிப்பிகள் தெரிய வேண்டுமென்றால் வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரம் வேண்டும். நேர் வெயிலில் அது வெறும் சாம்பல் சுவராக நிற்கும்.

அங்கிருந்து கிழக்கே போகும் பாதையில் ஒரு சிறு கல்லறைத் தோட்டமும், அதைத் தாண்டிச் சதுப்பின்மேல் போட்ட பலகைப்பாதையும் வரும். வற்றத்தில் சேற்றில் ஆயிரக்கணக்கான ஃபிட்லர் நண்டுகள்; ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். கால் அதிர்ந்தால் எல்லாம் வளைக்குள் போய்விடும். பலகையில் உட்கார்ந்து மூன்று நிமிடம் அசையாமல் இருந்தால் மறுபடி மேலே வரும். 200 மி.மீ. போதும், 1/500 நொடி. கொக்கும் நாரையும் இங்கேதான். பலருக்கு இந்த இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கத் தோன்றுவதில்லை. ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பின்பு மணல்மேடுகள். கடல் ஓட்ஸ் புல்லை மிதிக்கவோ பறிக்கவோ கூடாது, ஜார்ஜியா சட்டம் தடுக்கிறது. மேட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பது அதன் வேர்தான். ஒற்றையடித் தடம் விழுந்த இடத்தில் புல் செத்து, காற்று மணலை வாரிக்கொண்டுபோய், அடுத்த புயலில் கடல் அந்த வழியே உள்ளே வந்துவிடும். குறித்த பாதையில் நின்றபடியே எடுக்கலாம். மாலையில் மேற்கு நோக்கித் திரும்பினால் கதிர்கள் பின்வெளிச்சத்தில் பொன்னிறமாக நிற்கும்.

கடற்கரையைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: நீலப் பச்சைத் தண்ணீர் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் கடல் பழுப்பு கலந்த பச்சை. கணினியில் நீலத்தைக் கூட்டினால் மணலும் சேர்ந்து கெட்டுவிடும். இந்தக் கரையின் அழகு நிறத்தில் இல்லை, அகலத்திலும் வெறுமையிலும் இருக்கிறது. அதற்கேற்ப அடிவானத்தை மேலே வைத்து ஈர மணலுக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். வெண்மணலைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றி, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுப்பவர்கள் மணலைத் தொட்டுப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் குளிர்காலப் பிற்பகல் வெயில் உங்கள் இடது தோளுக்குப் பின்னால் இருக்கும். முன்னால் வருவதெல்லாம் நல்ல வெளிச்சத்தில் வரும். இதனாலும்தான் டன்ஜனெஸில் தொடங்கச் சொல்வது.

உயிரில்லாத சங்கு, சிப்பிகளையும் சுறாப் பற்களையும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. புதைபடிவச் சுறாப் பற்களைத் தேட வேண்டிய இடம் கடற்கரையைவிடத் தீவின் நடுச்சாலை: கப்பல் வாய்க்காலைத் தூர்வாரிய மண்ணைச் சாலையில் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். மழைக்குப் பின் கறுத்து மினுங்கும் முக்கோணங்களைத் தேடுங்கள். சங்குக்குள் உயிர் இருந்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

குதிரைகள். இந்தத் தீவின் படம் என்றால் எல்லார் மனத்திலும் வருவது கடற்கரையில் நிற்கும் குதிரைதான். ஸ்பானியர் விட்டுச்சென்றவை என்ற கதை பரவலாக ஓடுகிறது. இன்று இருப்பவை பெரும்பாலும் பிற்காலத்துத் தோட்ட முதலாளிகளும் கார்னகி குடும்பமும் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை. நூற்றைம்பதை ஒட்டிய எண்ணிக்கை. இவற்றுக்குத் தீவனம் இடுவதோ மருத்துவம் பார்ப்பதோ இல்லை. சதுப்புப் புல்லும் கடல் ஓட்ஸும் தின்று வாழ்கின்றன. அதனால் மணல்மேடும் தேய்கிறது, குதிரையின் உடம்பும் தேய்கிறது. விலா எலும்பு தெரியும் குதிரைகளைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள். பிடரி பறக்க அலையோரம் நிற்கும் படம் பொய்யல்ல, ஆனால் பாதிதான். சதுப்பில் முழங்கால் வரை சேற்றில் நின்று புல் கடிக்கும் குதிரையும் அதே தீவின் உண்மை. அதையும் எடுத்து வாருங்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறோம்.

எடுக்கும் முறை: 50 அடிக்குக் குறையாமல் நில்லுங்கள். முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 200 மி.மீ. ஆறுதலாகப் போதும், 100-400 இருந்தால் முதுகுக்குப் பாரம், ஆனாலும் பயன். மேயும் குதிரைக்கு 1/250, நடப்பதற்கு 1/500, ஓடினால் 1/1000 அல்லது அதைவிட வேகமாக. பழுப்புக் குதிரை வெண்மணலில் நிற்கும்போது தானியங்கி அளவீட்டை நம்பினால் குதிரை கரிக்கட்டியாகிவிடும். குதிரையின் உடம்பில் ஸ்பாட் அளவீடு (ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) எடுத்து அங்கிருந்து எக்ஸ்போஷரை அரை நிறுத்தம் (ஸ்டாப்) குறைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி எடுத்தால் அடிவானம் குதிரையின் கழுத்தை வெட்டும். மண்டியிட்டால் கழுத்தும் தலையும் வானத்துக்கு வந்துவிடும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். காது பின்னால் மடங்கினால் அதுதான் எச்சரிக்கை. திரும்பி ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். உணவு கொடுப்பது குற்றம்.

ஓக் காடு ஸீ கேம்பில் தொடங்குகிறது. கடற்கரையிலிருந்து உள்ளே வந்தவுடன் வெளிச்சம் நான்கைந்து நிறுத்தம் சட்டென்று குறையும். கிளைகள் தரையைத் தொட்டு மறுபடி மேலே எழும். அடியில் சா பால்மெட்டோ என்ற குட்டை விசிறிப் பனை இடுப்பளவுக்கு விரிந்திருக்கும். கிளைகளில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் பாசி இனமே அல்ல, அன்னாசிக் குடும்பத்துத் தாவரம்; மரத்தை உறிஞ்சுவதும் இல்லை. வெயில் நாளில் இந்தக் காடு கேமராவை முறித்துவிடும்: புள்ளி புள்ளியாக எரியும் வெள்ளை, நடுவே கரும் பள்ளம். மூன்று எக்ஸ்போஷர் எடுத்து இணைக்கலாமென்றால் காற்றில் மாஸ் ஆடி இரட்டைப் படமாக வரும். மேகமூட்டம் வரும் வரை, அல்லது மாலை 3:30-க்கு மேல் வரை, காடு படங்களைத் தள்ளிப் போடுவதே தீர்வு. வானம் துளியும் சட்டத்துக்குள் வராமல் பார்த்து, எக்ஸ்போஷரை -0.7 வைத்து, போலரைசர் என்ற பளபளப்பு குறைக்கும் வடிகட்டியைத் திருகினால் பனை ஓலைகளின் பளபளப்பு அடங்கிப் பச்சை ஆழமாகும்.

மழை பெய்தால் வருந்தாதீர்கள். ஓக் கிளைகளின் மேல்பக்கம் படர்ந்திருக்கும் ரிசரெக்‌ஷன் ஃபெர்ன் வறண்ட நாட்களில் சுருண்டு பழுப்பாகச் செத்ததுபோல் கிடக்கும். மழை பெய்த சில மணி நேரத்தில் விரிந்து பச்சையாகிவிடும். மழைக்கு மறுநாள் காலை மேகமும் இருந்தால், இந்தத் தீவில் காடு எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

காட்டில் ஓடு போர்த்திய சிறு பிராணிகளான அர்மடில்லோக்கள் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். அவற்றுக்குக் கண் மங்கல், மூக்குக் கூர்மை. காற்று உங்களை நோக்கி வீசும் பக்கமாக நின்று அசையாமல் இருந்தால் காலருகே வரை வந்துவிடும். தரையோடு தரையாகப் படுத்து எடுங்கள், ஆனால் உண்ணிகள் இருக்கும் புல்லில் படுக்காதீர்கள்.

வடக்குப் பகுதிக்குச் சுருக்கமாக. 1898-இல் கட்டிய ப்ளம் ஆர்ச்சர்ட் மாளிகை ஸீ கேம்பிலிருந்து ஏழரை மைல். அதைத் தாண்டி வடகோடியில் தி செட்டில்மென்ட் என்ற பகுதியில், விடுதலை பெற்ற அடிமைகளின் சமூகம் 1893-இல் நிறுவிய முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம்; இப்போதுள்ள கட்டடம் 1930-களுடையது. ஒற்றை அறை, மரச்சுவர், சில பெஞ்சுகள். 1996-இல் ஜான் கென்னடி ஜூனியரின் திருமணம் நடந்த இடம் என்பதால் உலகமே அறியும். அதைக் கட்டியவர்களுக்காகவே பார்க்கத் தகுந்த இடம். இவற்றுக்குப் பூங்காவின் வேன் சுற்றுலா உண்டு, ஐந்தாறு மணி நேரம் எடுக்கும், தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதில் போனால் அன்றைக்குக் கடற்கரை கிடையாது. வேனில் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கவும் முடியாது. வரலாற்றுக்கு வேன், படத்துக்கு நடை. ஸீ கேம்பில் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். ஆனால் நடுச்சாலை இளகிய மணலும் அலையலையான மேடு பள்ளமும். ப்ளம் ஆர்ச்சர்ட் போய்வர 15 மைலுக்கு மூன்று மணி நேரமாவது வையுங்கள், ட்ரைபாட் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இனி ஸீ கேம்ப். இரவு தங்குவதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இடவமைப்பு. இந்த இடத்தில் தீவு ஒடுங்கி, கிழக்கே கடற்கரையும் மேற்கே இறங்குதுறையும் அரை மைல் இடைவெளியில் இருக்கின்றன. கடலில் உதயம் எடுத்துவிட்டு, மாலையில் பதினைந்து நிமிடம் நடந்து சதுப்பின்மேல் அஸ்தமனம் எடுக்கலாம். நடுவே ஓக் மரத்தடியில் கூடாரம். 4:45 படகு போன பிறகு தீவில் முகாமில் தங்குபவர்களும் ஊழியர்களும் சொற்பக் குடியிருப்போரும் மட்டுமே. குளிர்நீர்க் குளியலறை, கழிப்பறை, குடிநீர், அடுப்பு வளையம், ரக்கூன்கள் எடுக்காதபடி உணவை வைக்கும் கூண்டு எல்லாம் உண்டு. ரக்கூன் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த பிராணி. பிஸ்கட் பொட்டலத்தைக் கேமராப் பையில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். இடம் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஆறு மாதம் முன்னதாகத் திறக்கும். மார்ச், ஏப்ரல் வார இறுதிகள் திறந்தவுடன் தீர்ந்துவிடும். முகாம் இடமும் படகும் தனித்தனிப் பதிவு, ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். இரண்டையும் ஒரே அமர்வில் முடியுங்கள். சாமான்களைத் தள்ளிப்போகத் துறையில் கைவண்டிகள் இருக்கும், முந்தியவருக்கே. வனப்பகுதியின் ஹிக்கரி ஹில், யாங்கி பாரடைஸ், ப்ரிக்ஹில் ப்ளஃப் முகாம்களுக்குப் போகிறவர்கள் 5 முதல் 10 மைல் வரை சுமந்து நடக்க வேண்டும், கிணற்று நீரைச் சுத்திகரித்தே குடிக்க வேண்டும். முதல் முறைக்கு வேண்டாம். கூடாரம் ஒத்துவராதவர்களுக்கு க்ரேஃபீல்ட் விடுதி ஒன்று உண்டு. 1900-இல் கட்டிய வீடு, சொந்தப் படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து. விலை மிக அதிகம்.

இரவு வானத்துக்குக் கிழக்கு நோக்கி நில்லுங்கள். தெற்கே ஃபெர்னாண்டினா பீச்சின் வெளிச்சமும் மேற்கே கடற்படைத் தளத்தின் வெளிச்சமும் வானத்தில் ஏறியிருக்கும். கடல் பக்கம் இருட்டு. ஏப்ரல், மே மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் பால்வீதி தென்கிழக்கே கடலிலிருந்து எழும். 20 மி.மீ., எஃப் 2.8, 15 நொடி, ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்குங்கள். மே முதல் கடலாமைகள் முட்டையிட ஏறிவரும் பருவம். வெள்ளை விளக்கு கண்டால் தாய் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும், குஞ்சுகள் திசை தவறும். சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் தேவைக்கு மட்டும். ஃப்ளாஷ் கூடாது. ட்ரோன் எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் தடை, இங்கும்தான்.

கருவியைக் கெடுப்பவை மூன்று: மணல், உப்பு, பூச்சி மருந்து. காற்றடிக்கும் கடற்கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். 24-105 போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு மாற்றுவதைக் காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் மணல் ஒட்டினால் முதலில் காற்றுப் பம்ப், பிறகுதான் துணி. வரிசை மாறினால் கீறல் நிச்சயம். உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் மங்கலாகத் தெரியும். நன்னீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் மணிக்கொருமுறை துடையுங்கள். ட்ரைபாடை அலையில் ஊன்றும்போது வழக்கத்துக்கு மாறாக அடியிலுள்ள மெல்லிய காலை முதலில் முழுவதும் நீட்டுங்கள். பூட்டு மணலுக்கும் நீருக்கும் மேலே நிற்கும். அன்றே நன்னீரில் கழுவுங்கள். டீட் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் இளக்கிவிடும். அதைப் பூசிய கையோடு கேமராவைத் தொட்டால் விரல் ரேகை நிரந்தரமாகப் பதியும். பிகாரிடின் மருந்து அப்படிச் செய்யாது. கோடை முழுவதும், குளிர்காலத்துச் சூடான நாட்களிலும், காற்று நின்றால் மணல் ஈக்கள் மொய்க்கும். கடற்கரைக் காற்றுதான் அவற்றுக்கு மாற்று. உண்ணிக்கு வெளிர்நிறக் கால்சட்டை, அதைக் காலுறைக்குள் செருகுவது, மாலையில் முழங்கால் மடிப்பிலிருந்து தலைமுடி வரை தேடிப் பார்ப்பது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் லென்ஸ் பனிக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துப் பிறகு திறவுங்கள்.

தீவில் வாங்க ஒன்றும் கிடைக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கொள்ளும் புட்டிகளும், ஒரு நாளுக்கான முழுச் சாப்பாடும் கையில் வேண்டும். புளியோதரை மாலை வரை தாங்கும்; தயிர்சாதம் ஜார்ஜியா வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும், பனிக்கட்டிப் பை இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். இலையோ, டப்பாவோ, ஆரஞ்சுத் தோலோ, எல்லாக் குப்பையும் உங்களோடு படகேற வேண்டும். முகாமில் தங்குபவர்களுக்கும் இதே விதிதான். அதனால் நல்ல தடிமனான இரண்டு குப்பைப் பைகளைக் கேமராப் பையின் அடியில் மடித்து வைத்துவிடுங்கள், மழை வந்தால் ஒன்று கேமராவுக்கு உறையாகும்.